தலையணைக்கு அடியில் உப்பிக்கொண்டிருக்கும் போன்

கேள்வி: கல்லிடைக்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். அப்பா மும்பையில் வேலை பார்த்தார்கள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் வரும் என்பதால் அப்பா தினமும் வாட்ஸாப்பில் பேசியே அனுப்புவார்கள். 2023-ல் அப்பா தவறிவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மா ராத்திரி படுத்ததும் அதில் இரண்டு மூன்றைக் கேட்டுவிட்டு, போனைச் சார்ஜில் மாட்டித் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குகிறாள். 2020-ல் வாங்கிய போன். ஒரு மாதமாகப் பின்பக்க மூடி ஒரு ஓரமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பன்னிரண்டாவது படிக்கும் என் மகன், “உள்ளே காற்று அடைத்திருக்கிறது, ஊசியால் குத்தினால் இறங்கிவிடும், யூட்யூபில் பார்த்தேன்” என்கிறான். மைனி, அரிசிப் பானையில் போட்டு வைக்கச் சொல்கிறாள். கடையில் கொடுக்கலாம் என்றால் அம்மா விட மாட்டேன் என்கிறாள். “பேட்டரியக் கழட்டுனா எல்லாம் அழிஞ்சிரும்ட்டி, இதுக்குள்ளதான் ஒங்க அப்பா இருக்காவ” என்று அழுகிறாள். போன் வேலை செய்கிறது. இப்படியே வைத்துக்கொள்ளலாமா? வேறு போன் வாங்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். அந்தப் போன் இப்போது சார்ஜில் இருந்தால், முதலில் சுவரில் இருக்கிற ஸ்விட்சை அணைத்துவிட்டு ஒயரைக் கழற்றுங்கள். அந்தப் பேட்டரிக்கு இனிமேல் ஒரு தடவைகூடச் சார்ஜ் ஏற்றக் கூடாது. இன்றைக்கு ராத்திரி அது அம்மாவின் தலைமாட்டில் இருக்கக் கூடாது. பாளையங்கோட்டையில் இருபத்திரண்டு வருஷமாகப் போன் சர்வீஸ் பார்க்கிறேன். உப்பிய பேட்டரியோடு வருகிற போன்களை வாரத்துக்கு இரண்டையாவது பார்ப்பேன். ஆனால் “தலையணைக்கு அடியில்” என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு உட்கார முடியவில்லை.

அம்மாவிடம் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். அப்பாவின் குரல் பேட்டரியில் இல்லை. அது போர்டில் ஒட்டியிருக்கிற நினைவுச் சிப்பில், கைவிரல் நகத்தளவுக்கு ஒரு கறுப்புச் சில்லில் இருக்கிறது. அந்தச் சிப்புக்குக் கரண்டே இல்லாவிட்டாலும் அதில் பதிந்தது பதிந்தபடி இருக்கும். பேட்டரியைக் கழற்றி ஒரு மாதம் வைத்திருந்தாலும் ஒரு சொல் அழியாது. அழிய வேண்டுமானால் யாராவது ரீசெட் செய்ய வேண்டும், அல்லது போர்டு கெட்டுப்போக வேண்டும். இப்போது அந்தப் போர்டைக் கெடுக்கக் கூடிய பொருள், அதற்குப் பக்கத்திலேயே உப்பிக்கொண்டிருக்கிற பேட்டரிதான். அப்பா குரல் பத்திரமாக இருக்க வேண்டும் என்றால் அந்தப் பேட்டரி வெளியே வந்தாக வேண்டும். அம்மாவுக்கு இதை நிதானமாகச் சொன்னால் புரியும்.

போனை அணைத்து வைக்கச் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம், இதில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அம்மா போனைத் திறப்பது கைரேகையிலா? அப்படியானால் பேட்டர்னோ, பின் நம்பரோ என்னவென்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று பாருங்கள். அணைத்து மறுபடி போட்டால் முதல் தடவை கைரேகையை ஏற்காது, அந்த நம்பரைத்தான் கேட்கும். இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டுப் போட்ட மாதிரி எழுதப்பட்டிருக்கும். அந்த நம்பர்தான் சாவி. சாவி இல்லாமல் சிப்பைத் தனியே பெயர்த்து எடுத்தாலும் எந்தக் கடைக்காரராலும் அப்பாவின் குரலை மீட்க முடியாது. போனை ஒரு தடவை பூட்டிவிட்டு, விரலை வைக்காமல் மேலே தள்ளி நம்பரைப் போட்டுத் திறக்கிறதா என்று சோதியுங்கள். திறந்தால் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு போனை அணையுங்கள். திறக்காவிட்டால் அணைக்க வேண்டாம், திரும்பத் திரும்பத் தப்பாகப் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். அப்படியே நல்ல டெக்னீஷியனிடம் கொண்டுபோய், “நம்பர் தெரியாது, கைரேகைதான், அணைந்துவிடாமல் காப்பி எடுக்க வேண்டும்” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சார்ஜ் தீர்ந்து தானாக அணைந்தாலும் இதே கதைதான், ஆகவே அன்றைக்கே போக வேண்டும். அம்மாவும் கூட வர வேண்டும், விரல் அவர்களுடையதாயிற்றே.

அணைத்த போனை ஒரு மண்சட்டியில், கீழே காய்ந்த ஆற்று மணலைக் கொஞ்சம் பரப்பி, அதன்மேல் வையுங்கள். துணி, பாய், பேப்பர், கேஸ் சிலிண்டர் எதுவும் பக்கத்தில் வேண்டாம். திண்ணையில் நிழலில் சிமெண்ட் தரையில் வைத்தால் சரி. பீரோவுக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். அதன்மேல் எதையும் பாரமாக வைத்து மூடியை அமுக்கவும் கூடாது. தப்பித் தவறிப் புகை வந்தால் கையால் தூக்காமல் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள், அந்தப் புகை நுரையீரலுக்குக் கெடுதல். ஒயர் எதிலும் மாட்டியிருக்கவில்லை என்றால் தள்ளி நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றலாம். சூட்டைத் தணிப்பதுதான் முக்கியம்.

இனி உங்கள் மகனுக்கு.

தம்பி, உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்று நீ சொன்னது சரி. போன் பேட்டரி என்பது வெள்ளித்தாள் மாதிரி ஒரு பையில் அடைத்த பாய்ச்சுருள். நம்ம பத்தமடைப் பாயைச் சுருட்டி வைத்த மாதிரிதான் உள்ளே இருக்கும். செம்புத் தகட்டில் கிராஃபைட் பூச்சு, அலுமினியத் தகட்டில் கோபால்ட் கலந்த லித்தியம் பூச்சு, இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் நடுவில் ஒரு பிளாஸ்டிக் சவ்வு. அந்தச் சவ்வின் கனம் இருபது மைக்ரான் இருந்தால் அதிகம். தலைமுடி ஒன்று அதைப்போல மூன்று நான்கு மடங்கு தடிமன். சுருளுக்குள் ஊறியிருக்கிற திரவம் சூட்டிலும் வயதிலும் சிதைந்து வாயுவாக மாறுகிறது. பை வீங்குகிறது. அந்த வாயுவில் தீப்பிடிக்கிற வாயுக்களும் உண்டு. திரவத்தில் கரைந்திருக்கிற உப்பு, ஈரக்காற்றுப் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்கிற அரிக்கும் வாயுவைக் கொடுக்கும்.

ஊசியால் குத்தினால் காற்று மட்டும் இறங்காது. ஊசி இரும்பு. அது செம்பையும் அலுமினியத்தையும் ஒரே குத்தில் சேர்த்துவிடும். பேட்டரியில் இருக்கிற மொத்தச் சார்ஜும் அந்த ஊசி முனையில் சூடாக மாறும். அந்தச் சூட்டில் பக்கத்துச் சவ்வு உருகும், இன்னும் இரண்டு தகடு சேரும். அப்புறம் அதை யாராலும் நிறுத்த முடியாது.

என் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆன பையன், உப்பிய பேட்டரியைப் பசையிலிருந்து எடுக்க ஸ்க்ரூடிரைவரை அடியில் கொடுத்து நெம்பினான். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். பெயின்ட் தின்னர் மாதிரி ஒரு இனிப்பு வாடை. அடுத்த மூச்சில் வெள்ளைப் புகை, அதற்குள்ளேயே சிவப்பாக ஒரு நாக்கு. பையன் கையை உதறிவிட்டதால் இரண்டு விரல் கொப்புளத்தோடு போயிற்று. போன் மேஜை விரிப்போடு சேர்ந்து கரியானது. அதற்குள் யாரோ ஒரு வீட்டுக் கல்யாணப் படங்கள் இருந்தன. அவர்களிடம் போய்ச் சொன்ன அன்றைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து மேஜைக்கு அடியில் ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கிறது. தம்பி, பன்னிரண்டாவது படிக்கிறாய், வேதியியல் இருக்குமே. 2019-ல் வேதியியல் நோபல் பரிசு மூன்று பேருக்குக் கிடைத்தது இந்தப் பேட்டரிக்குத்தான். அதைப் படி, ஊசியைத் தையல் பெட்டியில் வை.

மைனி சொன்ன அரிசிப் பானை. இந்தப் பழக்கம் நம்ம ஊரில் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதை 2023 டிசம்பர் வெள்ளத்தில்தான் பார்த்தேன். 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி ஊருக்குள் வந்து போனதற்கு அடுத்த வாரம் என் கடைக்கு வந்த போன்களில் பாதிக்கு மேல் அரிசியில் கிடந்தவை. சார்ஜ் போடுகிற துவாரத்துக்குள்ளே குருணையை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். போர்டில் ஒட்டிய சேற்றை அரிசி உறிஞ்சாது. மூன்று நாள் அரிசியில் காத்திருந்த நேரத்தில்தான் உள்ளே பச்சை பிடித்து அரித்திருந்தது. நனைந்த போனுக்கே அரிசி மருந்து கிடையாது. உப்பிய பேட்டரிக்கு அது கெடுதல், சூட்டை வெளியே விடாமல் பொத்தி வைத்துக்கொள்ளும். போதாததற்கு அது சோறாக்குகிற அரிசி. மைனியிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

ஏன் உப்பியது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்துகொண்டால்தான் அடுத்தது உப்பாது. நாலைந்து வருஷம் ஆன பேட்டரி, அது ஒரு காரணம். ராத்திரி முழுக்க நூறு சதவீதத்திலேயே நின்றது இன்னொன்று. இந்தப் பேட்டரிகளுக்கு நிறைய நிரம்பி நிற்பதும் பிடிக்காது, சூடும் பிடிக்காது. இரண்டும் சேர்ந்தால் கெடுதல் பல மடங்கு. போன் கம்பெனிகளே 35 டிகிரிக்குக் கீழே வைத்துப் பயன்படுத்தச் சொல்கின்றன. நம்ம பக்கம் சித்திரை, வைகாசியில் வீட்டுக்குள்ளேயே அதைத் தாண்டிவிடும். அதன்மேல் இலவம்பஞ்சுத் தலையணை, அதன்மேல் ஒரு தலை. சூடு போக வழியே இல்லை.

சரி, குரலை எப்படி எடுப்பது?

வீட்டில் நீங்களே கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் எடுக்க வேண்டாம். கம்ப்யூட்டரில் மாட்டினாலும் அந்த ஒயர் வழியாகப் போனுக்குச் சார்ஜ் ஏறும், அதைத்தான் கூடாது என்றேன். அம்பாசமுத்திரத்தில், ஆற்றுக்கு அந்தக் கரையில், உங்களுக்குத் தெரிந்த நம்பிக்கையான டெக்னீஷியன் இருந்தால் அவரிடமே போங்கள். பாளைக்குத்தான் வர வேண்டும் என்று இல்லை. போகும்போது அந்த மணல்சட்டியோடே ஒரு கட்டைப் பையில் வைத்து, வெயில் படாமல், மடியில் வைக்காமல் கால்பக்கம் வைத்துக் கொண்டுபோங்கள். அவரிடம் கேட்க வேண்டியது இது: இரும்பு எதுவும் படாமல், ஐபிஏ என்கிற ஒருவகை ஆல்கஹாலை விட்டுப் பசையை இளக்கி, பிளாஸ்டிக் அட்டையால் பேட்டரியை எடுக்க வேண்டும். எடுத்த பிறகு புதுப் பேட்டரி போட்டோ, பேட்டரிக்குப் பதிலாகக் கரண்டு கொடுக்கிற டிசி பவர் சப்ளையில் போர்டை எழுப்பியோ, உங்கள் கண்முன்னே காப்பி எடுக்க வேண்டும். “சாஃப்ட்வேர் போடணும்”, “ஃபார்மட் அடிக்கணும்” என்று யாராவது சொன்னால் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பேட்டரி மாற்ற அதெல்லாம் தேவையே இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டர் என்றால், உள்ளே இருப்பதற்கு அவர்கள் பொறுப்பில்லை என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்குவது வழக்கம். ஆகவே அப்பா குரலைக் காப்பி எடுக்காமல் அங்கே போன் போகக் கூடாது.

காப்பி எடுக்க இரண்டு வழி உண்டு, இரண்டையும் செய்யுங்கள் என்பேன். ஒன்று, அம்மாவின் வாட்ஸாப்பில் அப்பாவின் சாட்டைத் திறந்து, மேலே மூன்று புள்ளியில் ‘எக்ஸ்போர்ட் சாட்’, அதில் ‘இன்க்ளூட் மீடியா’. அப்பாவோடு பேசியது மட்டும் தனியாக ஒரு கட்டாக வரும். ஆனால் மீடியாவோடு எடுத்தால் கடைசிப் பத்தாயிரம் மெசேஜ் வரைதான் வரும். தினமும் பேசியவர்கள் என்றால் பழையது விட்டுப்போகலாம். அதற்குத்தான் இரண்டாவது வழி. போனின் ஃபைல் மேனேஜரில் ‘ஆண்ட்ராய்டு’ ஃபோல்டருக்குள் ‘மீடியா’, அதற்குள் வாட்ஸாப்பின் ஃபோல்டர், அதற்குள் ‘வாட்ஸாப் வாய்ஸ் நோட்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அதை முழுசாக அப்படியே காப்பி எடுக்கச் சொல்லுங்கள். அதைத் திறந்தால் ‘202119’ என்கிற மாதிரி ஃபோல்டர்கள் வரிசையாக இருக்கும். 2021-ம் வருஷம், 19-வது வாரம் என்று அர்த்தம். அதற்குள்ளே ஒவ்வொரு குரலுக்கும் ‘பிடிடி-20210514’ என்று தொடங்கும் பெயர். 2021 மே 14 அன்று வந்தது. எல்லோருடைய குரலும் கலந்துதான் கிடக்கும், ஆள் பெயர் இருக்காது. ஆனால் தேதி இருக்கிறது. அம்மா பிறந்தநாளுக்கு அப்பா என்ன சொன்னார்கள், தீபாவளிக்கு ஊருக்கு வர முடியாதபோது என்ன சொன்னார்கள் என்று தேடிப் பிடித்துவிடலாம். இந்தப் பிரிக்கிற வேலையை உங்கள் மகனிடம் கொடுங்கள். தாத்தா குரலைக் கேட்டுக் கேட்டுப் பிரிக்கட்டும்.

இதெல்லாம் இடத்தை அடைக்கிற பொருள் இல்லை. ஒரு நிமிஷப் பேச்சு ஒரு எம்பி கூட வராது. வருஷக்கணக்கான பேச்சும் கடையில் கிடைக்கிற மிகச் சின்னப் பென்டிரைவில் அடங்கிவிடும். ஒன்றில் மட்டும் வைக்காமல் உங்கள் கூகுள் டிரைவில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, மைனி வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒன்று என்று மூன்று இடத்தில் வையுங்கள். பென்டிரைவை வருஷத்துக்கு ஒரு தடவை, அப்பா நினைவு நாளில் என்று வைத்துக்கொள்ளுங்கள், போட்டுத் திறக்கிறதா பாருங்கள். பூட்டி வைத்த பென்டிரைவ் பல வருஷம் கழித்துக் கைவிரிப்பது உண்டு.

அம்மா ராத்திரி கேட்பதை நிறுத்தச் சொல்லாதீர்கள். அதற்கு வேறு வழி செய்து கொடுங்கள். பென்டிரைவ் போடுகிற சின்ன ரேடியோப் பெட்டி வீட்டில் இருந்தால் போதும். ஆனால் வாட்ஸாப் குரல் ‘ஓபஸ்’ என்கிற வடிவத்தில் இருக்கும், அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் அதைப் பாடாது. எம்பி3 ஆக மாற்றிப் போட வேண்டும், உங்கள் மகனுக்குப் பத்து நிமிஷ வேலை. மூலக் காப்பியை அழிக்காமல் மாற்றச் சொல்லுங்கள். பெட்டியைக் கட்டிலுக்கு எட்டுகிற தூரத்தில் ஸ்டூல் மேல் வையுங்கள். அதற்குள்ளேயும் பேட்டரி உண்டு, தலையணைக்கு அடியில் அதுவும் வேண்டாம்.

புதுப் போன் வாங்க வேண்டுமா என்று கேட்டீர்கள். டிஸ்ப்ளே தூக்கவில்லை, மற்றதெல்லாம் நன்றாக வேலை செய்கிறது என்றால் வேண்டாம். அம்மாவின் கைக்குப் பழகிய போன் அது. எந்த இடத்தில் தொட்டால் அப்பா பேசுவார்கள் என்று விரலுக்குத் தெரியும். நல்ல பேட்டரி போட்டால் இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஓடும். பேட்டரி வாங்கும்போது அதன்மேல் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும், தயாரித்த மாதமும் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ என்கிற அரசு ஆப்பில் போட்டால் யாருடைய பதிவு என்று காட்டும். மூன்று வருஷமாகக் கடை அலமாரியில் கிடந்த ‘புதுப்’ பேட்டரி புதியது கிடையாது. பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி சார்ஜ் போடுவது பகலில், அம்மா கண்ணெதிரே, மேஜையில் அல்லது சிமெண்ட் தரையில். செட்டிங்ஸில் 80 சதவீதத்தோடு நிறுத்துகிற வசதி சில போன்களில் இருக்கிறது. இருந்தால் போட்டுவிடுங்கள். ராத்திரி கொசுவத்தி ஏற்றுகிற நேரத்தில் சார்ஜர் ஒயர் சுவரிலிருந்து கழன்றிருக்க வேண்டும் என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டால் மறக்காது.

கழற்றிய பழைய பேட்டரியைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள், அவர் வாங்கிக்கொள்ளாவிட்டால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுக்கலாம். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறுகிற பொறுப்பு தயாரிப்பவர்களுக்கு உண்டு. குப்பை வண்டியில் போட்டால் அங்கே நசுங்கித் தீப்பிடிக்கும். பழைய இரும்புக் கடையில் போட்டால் சம்மட்டி அடி விழும். ஆற்றில் எறிகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நாம் குடிக்கிற தண்ணீர் அது.

நீங்கள் எழுதாமல் விட்டது சார்ஜரைப் பற்றி. போனோடு வந்ததா, அல்லது ஆனித் தேருக்குத் திருநெல்வேலி டவுனுக்கு வந்தபோது ரத வீதியில் நூறு ரூபாய்க்கு வாங்கியதா? பேட்டரிக்கு எவ்வளவு ஏற்றலாம் என்று முடிவு செய்வது போனுக்குள் இருக்கிற ஐசி என்கிற சிப் என்பதால், உப்பியதற்குச் சார்ஜரை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 230 வோல்ட்டுக்கும் அம்மாவின் கைக்கும் நடுவில் இருப்பது அந்தச் சின்ன டப்பாதான். மலிவுச் சார்ஜர்களைத் திறந்து பார்த்தால் கரண்டு வருகிற பக்கத்துக்கும் போன் பக்கத்துக்கும் இடையில் விட வேண்டிய இடைவெளியையே விட்டிருக்க மாட்டார்கள். கடைக்குப் போகும்போது அதையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். அதிலும் பிஐஎஸ் முத்திரை இல்லையென்றால் பழைய பேட்டரியோடு சேர்த்து அதையும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.